கொல்லைப்புறத்தில் ஒரு திறந்த தளம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டின் பின்புறத்தில், குடும்பத்தோடு அமர்வதற்கு ஏற்ற திறந்த தளம் ஒன்றை அமைப்பது பற்றிப் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. பின்னால் 24 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட இடம் புல் மண்டிக் கிடக்கிறது. வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாலையில் உட்கார்ந்து பேசவும், விடுமுறையில் உறவினர்கள் வந்தால் பந்தி பரிமாறவும் ஒரு தளம் வேண்டும். முழு இடத்தையும் சிமென்ட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் கொத்தனார். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, தஞ்சாவூர்

முழு இடத்தையும் மூட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். தங்களிடம் இருப்பது 360 சதுர அடி. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர 10 அடிக்கு 10 அடி போதும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மேசையின் விளிம்பிலிருந்து 3 அடி வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் அடங்கிவிடும். உறவினர்கள் வரும் நாட்களையும், ஒரு கயிற்றுக் கட்டில் போடுவதையும் சேர்த்துப் பார்த்தால் 14 அடிக்கு 12 அடி, அதாவது 170 சதுர அடிக்கும் சற்றுக் குறைவான தளம் தாராளமாக இருக்கும். ஊஞ்சல் மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் அது ஆடும் திசையில் முன்னும் பின்னும் 4 அடி கூடுதலாக விடுங்கள். மீதி நிலம் மண்ணாகவே இருக்கட்டும். வாழையும் கறிவேப்பிலையும் நிற்க இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. தளத்தில் விழும் மழைநீர் போய்ச் சேரவும் ஓர் இடம் வேண்டும்.

கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், கோலப்பொடியால் அந்த அளவை மண்ணிலேயே கோடிட்டு, வீட்டிலிருக்கும் நாற்காலிகளை அதற்குள் போட்டுச் சில மாலைகள் அமர்ந்து பாருங்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது, சமையலறையிலிருந்து தட்டோடு வருபவர் எந்த வழியாக நடக்கிறார், துணி காயப்போடும் கொடி எங்கே குறுக்கிடுகிறது என்பவையெல்லாம் காகித வரைபடத்தில் தெரிவதில்லை. இப்படி அமர்ந்து பார்க்கும்போது தெரிந்துவிடும்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு கிழக்குப் பார்த்தது என்பதால் கொல்லை மேற்கில் இருக்கிறது. காலை முழுவதும் வீட்டின் நிழல் அங்கே விழும். ஆனால் தாங்கள் அமர விரும்பும் மாலை நேரத்தில் வெயில் நேராக அங்கேதான் விழும். தஞ்சாவூர் அட்சரேகையில் சூரியன் சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஆவணி முற்பகுதியில் ஒருமுறையும் நேர் உச்சியில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில்கூட அது உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும், மறைவதும் மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளித்தான். ஆகவே வைகாசி, ஆனி மாதங்களின் கடுமையான மாலை வெயிலைத் தடுக்க வேண்டுமானால், நிழல் தரும் மரமோ பந்தலோ தளத்தின் மேற்கிலும் வடமேற்கிலும் இருக்க வேண்டும். தெற்கு ஓரத்தில் மரம் வைத்துவிட்டு, அது வளர்ந்த பின்னும் கோடையில் நிழல் விழவில்லையே என்று வருந்துபவர்கள் பலர். மரத்துக்குப் புங்கை நல்ல தேர்வு. முருங்கையைத் தளத்தை ஒட்டி வைக்காதீர்கள். அதன் கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சியும் வரும். தென்னை மட்டையும் காயும் விழும் எல்லைக்குள் யாரும் அமரக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மட்டம். தளத்தின் மேற்பரப்பு வீட்டின் பேஸ்மட்டத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அடிச்சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்டிருக்கும் அடுக்குக்கு மேலே தளம் உயர்ந்துவிட்டால், மழைக்காலத்தில் ஈரம் அதைத் தாண்டி உள்சுவருக்கு ஏறி, சுண்ணாம்புப் பூச்சு உப்பிப் பெயரும். கதவைத் திறந்து படியிறங்காமல் நேராகத் தளத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையால் இந்த 6 அங்குலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தளம் வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் போதுமானது, நாற்காலியில் அமர்பவருக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. ரசமட்டத்தைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வதோடு நிறுத்தாமல், வேலை முடியும் நாளில் ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கொத்தனார் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

170 சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 800 லிட்டர் நீர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சைக்கு அது பெரிய மழையன்று. அந்த நீர் அண்டை வீட்டுச் சுவருக்குப் போகக் கூடாது. தமிழகத்தில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால் தங்கள் வீட்டிலும் ஓர் ஊறல் குழி இருக்கும்; தளத்தின் தாழ்ந்த விளிம்பில் ஓர் அடி அகலத்துக்குக் கூழாங்கல் நிரப்பிய ஆழமற்ற வாய்க்கால் எடுத்து, அதை அந்தக் குழியோடு இணைத்துவிடலாம். டெல்டாவின் களிமண்ணில் நீர் மெதுவாகத்தான் ஊறும் என்பதால், குழி நிரம்பினால் மிகுதி நீர் வெளியேற ஒரு வழியும் வேண்டும்.

கட்டுமானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்மண்ணை வேர்களோடு அகற்றி, கீழ்மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 4 அங்குலம் ஜல்லியோ செங்கல் சல்லியோ பரப்பி மறுபடியும் இறுக்கி, அதன்மேல் 3 அல்லது 4 அங்குலக் கான்கிரீட் போட்டுக் கல்லோ ஓடோ பதிக்கலாம். தளத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் அரை அங்குல இடைவெளி விட்டு, தார் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. கண்ட இடத்தில் விரிசல் விடாமலிருக்க, கான்கிரீட்டில் நீளவாக்கில் 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும். கான்கிரீட் இறுகும்வரை அதை நனைத்து நீராட்டுவது, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகை என்றால் 10 நாள். தை, மாசி மாதங்களில் வேலையைத் தொடங்குவது நல்லது. சித்திரை வெயிலில் கான்கிரீட் ஈரத்தை விரைவில் இழந்துவிடும் என்பதால், அப்போது போட நேர்ந்தால் நனைத்த சாக்கை விரித்தே வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் கரிசல் மண். கொல்லையில் 4 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டோம். முதல் கோடையிலேயே குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டுவிட்டது. உடைத்துவிட்டுக் கம்பி கட்டிப் போட்டால் விரிசல் வராது என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், கோவில்பட்டி

கம்பிக்குச் செலவு செய்யாதீர்கள். கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்புகிறது, கோடையில் சுருங்கிப் பிளக்கிறது. அதன்மேல் கிடக்கும் மெல்லிய கான்கிரீட் ஒருபுறம் தூக்கப்பட்டு மறுபுறம் தாங்கலின்றித் தொங்கும்போது விரிசல் விடுவதைக் கம்பியால் தடுக்க முடியாது. விரிந்த துண்டுகள் அதிகம் விலகாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது உதவும். கரிசல் நிலத்தில் தளம் மண்ணோடு சிறிது அசையக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏறத்தாழ 2 அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத சரளையை 6 அங்குல அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து இறுக்குங்கள். உடைத்த பழைய கான்கிரீட்டைச் சிறு துண்டுகளாக்கி அடியடுக்கில் சரளையோடு கலந்து பயன்படுத்தலாம். அதன்மேல் ஒன்று முதல் ஒன்றரை அங்குல மணல் பரப்பி, 60 மி.மீ. தடிமனுள்ள பேவர் பிளாக் கற்களைப் பதித்து, நான்கு விளிம்பிலும் கற்கள் நகராதபடி கான்கிரீட் வரம்பு கட்டுங்கள். கற்களுக்கு இடையில் சிமென்ட் பூசாமல் நுண்மணலைத்தான் நிரப்ப வேண்டும். எங்காவது ஓரிடம் தாழ்ந்தால் அந்தப் பகுதிக் கற்களை மட்டும் எடுத்து, மணலைச் சமன்செய்து, அதே கற்களை மறுபடியும் பதித்துவிடலாம்.

மண்ணின் ஈரம் திடீரென்று ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதும் இதே அளவுக்கு முக்கியமானது. மொட்டைமாடி நீர் தளத்தின் ஓரத்தில் கொட்டக் கூடாது. ஊறல் குழியையும், பெரிதாக வளரும் மரத்தையும் தளத்திலிருந்தும் சுவரிலிருந்தும் 15 அடியாவது விலக்கி வையுங்கள்.

தளம் போட நினைக்கும் இடத்தில்தான் செப்டிக் டேங்கும் ஆழ்துளைக் கிணறும் உள்ளன. டேங்க் மூடியின் மேலேயே ஓடு பதித்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், தேவைப்பட்டால் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். – வாசகர், திருச்சிராப்பள்ளி

இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எப்போதும் திறக்கக்கூடிய மூடி இருந்தால்தான் கழிவகற்றும் லாரியின் குழாயை உள்ளே விட்டு, மனிதர் எவரும் இறங்காமல் தொட்டியைக் காலி செய்ய முடியும். மூடியை மறைத்துவிட்டால் அடைப்பு ஏற்படும் நாளில் அவசரமாக உடைப்பார்கள். யாராவது ஒரு தொழிலாளியை உள்ளே இறங்கச் சொல்லும் நிலையும் வரலாம். பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நச்சுக்காற்றில் போன உயிர்கள் நம் மாநிலத்திலேயே எத்தனையோ. அழகுக்காக அப்படியொரு நிலைக்கு நம் வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது.

மூடிகள் தளத்தின் மட்டத்துக்கே வரும்படி அவற்றின் கழுத்தை உயர்த்திக் கட்டி, இரும்புச் சட்டத்துக்குள் அதே கல்லைப் பதித்த, கொக்கி வைத்துத் தூக்கக்கூடிய மூடிகளைச் செய்யச் சொல்லுங்கள். அவற்றின் மேல் மேசையோ கனமான பூந்தொட்டியோ இருக்கக் கூடாது. காற்றுப் போக்கிக் குழாய் தளத்துக்கு அருகில் இருந்தால், அதை வீட்டின் கூரைக்கு மேல் செல்லும்படி உயர்த்திவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றைப் பொறுத்தவரை, பலரும் மறந்துவிடுவது அதன் மேலுள்ள வானத்தை. மோட்டார் பழுதானால் நீளநீளமான குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்குக் கிணற்றுக்கு நேர்மேலே கூரையோ பந்தல் குழாயோ இருக்கக் கூடாது, முக்காலியோ இழுவை வண்டியோ வந்து நிற்க வழியும் வேண்டும். டேங்கும் கிணறும் தளத்தின் ஓரமாக வரும்படி திட்டத்தைச் சற்று நகர்த்த முடிந்தால், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

திறந்த தளத்தில் ஆத்தங்குடி ஓடு பதிக்கலாமா? – வாசகி, காரைக்குடி

திறந்த வெளியில் வேண்டாம். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுடப்படுவதில்லை; கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்து வார்த்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தப்படுவது. வீட்டுக்குள் நடமாட்டத்தால் மெருகேறும் அதன் மேற்பரப்பு, மழையில் நனைந்தால் வழுக்கும். தொடர்ந்த வெயிலில் வண்ணமும் மங்கும். கூரையுள்ள பின்தாழ்வாரத்தில் தாராளமாகப் பதியுங்கள், அதற்கு ஈடான தரை வேறில்லை. அதைத் தாண்டியுள்ள திறந்த பகுதிக்குச் சொரசொரப்பான தந்தூர் கல்லோ, நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ போடலாம். கடப்பாக் கல் கறுப்பு என்பதால் வெயிலில் மிகவும் சூடாகும்; வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அது ஏற்றதன்று.

வெளிநாட்டில் மகன் வீட்டில் இருப்பதுபோல மரத்தாலான உயர்ந்த தளம் அமைக்க ஆசை. கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். எந்த மரம் நல்லது? – வாசகர், நீலாங்கரை

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். மரத்தின் மேல் வெறுங்காலோடு நடப்பது இனிமையானதுதான். ஆயினும் நம் கடற்கரையில் மரத்தளத்துக்குக் கரையான், மாதக்கணக்கில் நீடிக்கும் மழை ஈரம், உப்புக்காற்று என்ற மூன்றும் பகை. இவை போக, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்கும் தளத்தின் அடியில் இருளும் ஈரமும் நிறைந்த ஓர் இடம் உருவாகிறது. எலி அங்கே குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். குழந்தைகள் விளையாடும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

செய்தே ஆக வேண்டுமானால் வயிரம் பாய்ந்த தேக்கைத் தேர்ந்தெடுங்கள். வெளிர்நிறமான வெளிமரத்தைக் கரையான் விட்டுவைக்காது. மரம் எங்கும் மண்ணைத் தொடக் கூடாது, கருங்கல் குட்டைத் தூண்களின் மேல் அமர வேண்டும். பலகைகளுக்கு இடையில் 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் நீர் வடியும், மரம் உப்பவும் இடம் கிடைக்கும். சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தையும் கறைப்படுத்தும் என்பதால், கடலுக்கு அருகில் 316 வகை எவர்சில்வர் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும். அடிப்பகுதியைச் சுற்றிலும் நுண்ணிய வலையால் அடைத்து, உள்ளே பார்ப்பதற்கு ஒரு பலகையைக் கழற்றக்கூடியதாக வையுங்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளைக் கரையான் அவ்வளவாக அண்டுவதில்லை. ஆனால் நேர் வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும் என்பதால் நிழலான இடத்துக்கு மட்டுமே அவை ஏற்றவை.

சமநிலத்தில் உள்ள தங்கள் வீட்டுக்குக் கல் தளமே என் பரிந்துரை. கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில், நிலம் சட்டென்று சரிந்து போகும் வீட்டுக்குப் பின்னால், மண்ணை வெட்டிச் சமன்செய்யாமல் தூண்களின் மேல் நிறுத்தும் மரத்தளத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் மலைப்பகுதிக் கட்டுமானங்களுக்கு உரிய தனி அனுமதியைப் பெற்ற பிறகே அங்கும் தொடங்க வேண்டும்.

தளத்துக்கு மேலே தகரக் கூரை போடுவதா, பந்தலா? அனுமதி வாங்க வேண்டுமா? – வாசகி, மதுரை

வெறும் தரைத்தளம் வேறு, கூரையுள்ள தளம் வேறு. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் எவ்வளவு திறந்த இடம் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வரையறுக்கின்றன. அந்த இடத்தில் நிலையான கூரை போட்டால் அது கட்டடத்தின் பகுதியாகக் கருதப்படக்கூடும். எனவே அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மதுரை வெயிலில் ஒற்றைத் தகரம் பகலெல்லாம் சூடேறி, மாலையில் அந்தச் சூட்டை அடியில் அமர்ந்திருப்பவர்களின் தலைமேல் இறக்கும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடும் சூட்டைப் பிடித்துவைக்கும். எனக்குப் பிடித்தது கொடிப்பந்தல். துத்தநாகம் பூசிய குழாய்களைக் கான்கிரீட் குழியில் ஊன்றி, 8 அடி உயரத்தில் கம்பி வலை கட்டி, நிரந்தர நிழலுக்கு முல்லையையோ ரங்கூன் மல்லியையோ ஏற்றுங்கள். அவை மூடும்வரை பீர்க்கும் புடலையும் ஆடிப்பட்டத்தில் விதைத்தால் நிழலோடு காயும் கிடைக்கும். முதற்கோடைக்கு மட்டும் பச்சை நிழல்வலையைக் கட்டிக்கொள்ளலாம். ஆடிக்காற்றில் அது பாய்போல் விரிந்து குழாயையே சாய்க்கும் என்பதால், அதைக் கழற்றும்படி முடிச்சிட்டு வையுங்கள். கீற்று குளிர்ச்சிதான், ஆனால் அடுப்போ விளக்கோ இருக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம்.

அம்மாவுக்கு 78 வயது. கொல்லையில் பாசி படிந்து ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. அவர் அச்சமின்றி வந்து அமரும்படி தளத்தை எப்படி அமைப்பது? – வாசகி, சேலம்

பாசி படிவது நீர் தேங்கும் இடத்தில்தான். ஆகவே முன்னே சொன்ன வாட்டம் தங்கள் வீட்டில் கட்டாயத் தேவை. துணி துவைக்கும் கல்லின் நீரும், குழாயடி நீரும் தளத்தின் வழியாகப் போகாமல் தனி வாய்க்காலில் போகட்டும். ஏற்கெனவே படிந்த பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவிவிடலாம். அந்தக் கரைசலோடு வேறு எந்த ஆசிடையும் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு எழும்.

வாசலிலிருந்து தளத்துக்கு இறங்கும் படிகள் 6 அங்குலத்துக்கு மேல் உயரமில்லாமலும், 12 அங்குலம் கால் வைக்கும் அகலத்தோடும், எல்லாம் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். ஒரு படி மட்டும் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தாலே முதியவர்களின் கால் இடறும். படியின் விளிம்பில் வேறு நிறக் கல்லால் ஒரு பட்டை பதித்தால், கண்ணில் புரை உள்ளவருக்கும் படி தெரியும். இரண்டே படிகளானாலும் கைப்பிடி வையுங்கள். அம்மா அமரும் இருக்கை 18 அங்குல உயரத்தில், கை ஊன்றி எழ இருபுறமும் பிடியுள்ளதாக இருக்கட்டும். தாழ்வான திண்ணையிலிருந்து எழுவது அவருக்குச் சிரமம்.

விளக்கை முகத்துக்கு நேரே மாட்டாமல், படியிலும் நடைபாதையிலும் ஒளி விழும்படி தாழ்வாக அமையுங்கள். மஞ்சள் நிற ஒளிக்கு ஈசலும் பூச்சியும் குறைவாகவே வரும். வெளிப்புறத்து மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியே ஆக வேண்டும். ஈரத்தரையில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அதுபோன்ற சிறிதளவு நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது, பகலில் அங்கே அமர்ந்திருப்பவரைத்தான் கடிக்கிறது.